படிவத்தில் இல்லாத எலும்பு

மனிதனின் மணிக்கட்டில் எட்டு எலும்புகள் இருப்பதாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்புப் பிரிவில் ஏழுதான். யார் சொல்வது சரி என்று அங்கே போய்க் கேட்டால், பாடப்புத்தகத்தின் அடியில் பிரிவுத் தலைவரின் கையெழுத்து இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார்கள். இல்லை என்பீர்கள். எங்கள் மணிக்கட்டுப் படிவத்தின் அடியில் இருக்கிறது என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

நான் டாக்டர் இல்லை. அச்சகம் வைத்திருக்கிறேன். ரசீதுப் புத்தகம், நோட்டீஸ், மருந்து லேபிள், படிவம் என்று எது கொடுத்தாலும் அடிப்பேன். அடிக்கிறவன் எதையும் படிக்கமாட்டான். எண்ணிக்கை சரியா, ஓரம் நேரா என்று மட்டும் பார்ப்பான். இந்தக் கெட்ட பழக்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலை. பளபளப்பு அட்டையை வெட்டிக்கொண்டிருந்தோம். ஓரத்தில் விழுந்த துண்டுகளைக் கூட்டி அள்ளச் சொல்லி மனைவி மூன்று தடவை சொல்லியாயிற்று. நான்காவது தடவைக்கு அவள் வாயைத் திறந்தபோது நான் அந்தத் துண்டுகளின் மேல் கால் வைத்தேன். விழுகிறவன் எவனும் கையைக் கட்டிக்கொண்டு விழமாட்டான். நானும் வலது உள்ளங்கையைத் தரையில் பலமாக ஊன்றிக்கொண்டுதான் விழுந்தேன்.

"இப்பவாவது கூட்டுவீங்களா?" என்றவள், என் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்து இடது கையால் தூக்கிவிட்டாள். எங்கள் அச்சகத்தில் பைண்டிங் முழுக்க அவள்தான். ஆறு வருஷமாக அத்தனையும் இடது கையால்தான் செய்கிறாள். ஒரு தடவை படிக்கட்டில் சறுக்கி விழுந்ததிலிருந்து வலது கை வலிக்கிறது என்பாள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். சுளுக்கு என்று எழுதித் தைலமும் ரப்பர் பந்தும் கொடுத்து அனுப்பினார்கள். ஆறு வருஷமா ஒரு சுளுக்கு இருக்கும் என்று கேட்டு, தாள் கட்டைத் தூக்காமலிருக்க அவள் சொல்லும் சாக்கு அது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கிண்டலடிப்பது என் வழக்கம். அவள் சிரித்துவிட்டுப் போவாள். சில நாள் சிரிக்காமலும் போவாள்.

எனக்கு வீக்கம் பெரிதாக இல்லை. விரல்கள் அசைந்தன. ஆனால் மை டப்பா மூடியைத் திருக முடியவில்லை, கடை ஷட்டர் சாவியைத் திருப்ப முடியவில்லை. கட்டைவிரலின் அடியில் யாரோ உட்கார்ந்துகொண்டு ஊசியால் குத்துவதுபோல் இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூன்று வரிசைகளில் நின்று நான்காவது வரிசைக்குத் தகுதி பெற்ற பிறகு, ஒரு பயிற்சி டாக்டரம்மாவின் மேஜைக்கு வந்து சேர்ந்தேன். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்கினால் மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழுகிறது அல்லவா, அந்தக் குழிக்குள் தன் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற நாலு பேர் தங்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ஸ்கேஃபாய்டு. படகு மாதிரி ஒரு சின்ன எலும்பு. கையை ஊனி விழுந்தா முதல்ல அதுதான் போகும்."

"அதுக்கு ஏன் டாக்டர் ரகசியமா சொல்றீங்க?"

அவர் மணிக்கட்டுப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். பார்த்ததும் எனக்குப் பெருமையாகிவிட்டது. நான் அடித்த படிவம்! அடியில் பொடி எழுத்தில் எங்கள் அச்சகத்தின் பெயர்கூட இருந்தது. கட்டங்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. கட்டம் ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எலும்பின் பெயர். எண்ணிப் பார்த்தால் ஏழு. அவற்றின் கீழே தடித்த எழுத்தில் மூன்று வரிக்குப் பிரிவுத் தலைவரின் பட்டங்களும், அவர் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கிரிக்கெட் மைதானமும் இருந்தன.

"நீங்க சொன்ன எலும்பு இதுல இல்லையே?"

"அதான் பிரச்சனை. எந்த எலும்புக்கு டிக் போடறமோ அதுக்குத்தான் எக்ஸ்ரே. எக்ஸ்ரேல தெரிஞ்சா தலைவர் கையெழுத்து. கையெழுத்து இருந்தாத்தான் மாவுக்கட்டு." அவர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "பக்கத்துல இருக்கற எலும்புக்கு டிக் போடறேன். படம் எடுக்கும்போது ஓரத்துல இதுவும் வந்து விழலாம்."

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் மிகவும் கடமை தவறாதவர். என் கையைத் தட்டில் வைத்து, டிக் போட்ட எலும்பு இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஈயத் தகட்டால் மூடினார்.

"ஏன் சார் மூடறீங்க?"

"டிக் இல்லாத எலும்பு மேல கதிர் பட்டா நான்தான் பதில் சொல்லணும்."

அரை மணியில் அறிக்கை வந்தது. பக்கத்து எலும்பு நலமாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. நலமாக இருப்பதாக என் உடம்பில் எந்த உறுப்புக்கும் அதுவரை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அந்தச் சான்றிதழோடு என்னை மாவுக்கட்டு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் வெள்ளை மாவு படிந்த கையோடு என்னைப் பரிவாகப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்குக் கட்டைவிரலையும் சேத்துக் கட்டணும். அப்படிக் கட்டறதுக்கு அந்த எலும்போட பேர் படிவத்துல வரணும். நான் இந்த வேலையில சேந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு கட்டைவிரலக் கட்டச் சொல்லி யாரும் வரல."

"அப்ப எனக்கு என்னதான் குடுப்பீங்க?"

அவர் ஒரு ரப்பர் பந்தும் தைலமும் கொடுத்தார். பந்தை ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்க வேண்டுமாம். நான் பந்தோடு வெளியே வருவதைப் பார்த்த டாக்டரம்மா பதறிப்போய் வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"ஐயோ, பந்த அமுக்காதீங்க! அந்த எலும்புக்கு ரத்தமே ஒரு முனையிலேருந்துதான் போகுது. உடைஞ்ச எலும்ப ஆட்டிக்கிட்டே இருந்தா ஒட்டாது. ரத்தம் போகாத துண்டு செத்தே போகலாம். அப்புறம் அந்தக் கையால ஒரு வேலையும் பாக்க முடியாது. ரெண்டு வாரத்துக்குள்ள ஒழுங்கா மாவுக்கட்டுப் போட்டாகணும். அதுவரைக்கும் வீட்ல ஏதாவது அட்டைய வச்சு, கட்டைவிரல் அசையாம கட்டுங்க. நான் சொன்னேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அச்சகக்காரனுக்குக் கை போனால் என்ன மிஞ்சும்? பந்தை வராந்தா ஜன்னலில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பைண்டிங் அட்டையை அளந்து வெட்டி, மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் கட்டைவிரலுக்கு ஒன்றுமாக வைத்து, காலிகோ துணியால் சுற்றி ஒட்டினாள். இடது கையாலேயே செய்தாள். பேரேட்டுக்கு முதுகு கட்டுவதைவிடச் சுத்தமாக இருந்தது.

"இனிமே ஒரு பக்கமும் கழண்டு வராது" என்றாள்.

டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை. அந்த எலும்பைப் படிவத்தில் சேர்க்கக் கோரி எழுதிக் கொடுத்துவிட்டார். படிவத்தைத் திருத்த ஆஸ்பத்திரியில் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். நல்லவேளையாக அடுத்த வெள்ளிக்கிழமையே கூடுவதாக இருந்தது. என்னையும் வரச் சொன்னார்கள். அழைப்புக் கடிதத்தில் என்னை 'எலும்பு இருப்பதாகக் கூறும் நபர்' என்று குறிப்பிட்டிருந்தார்கள்.

நீள மேஜையின் தலைமாட்டில் பிரிவுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நல்ல குரல். அறை முழுக்கத் தைல வாசனை. இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் ஒரு பெரிய கேடயம் மின்னியது. பதிவேடுகளைப் பார்க்கும் எழுத்தர் பக்கத்தில் ஒரு கட்டுக் கோப்போடு நின்றார். மூலையில் ஒரு முழு எலும்புக்கூடு கூட்டத்தில் கலந்துகொண்டது. குழுவின் மற்ற உறுப்பினர்கள் ஆறு பேர். எலும்புக்கூட்டைப்போலவே அவர்களும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

தலைவர் முதலில் என் கையைப் பார்த்தார். "இந்த அட்டை எந்தப் படிவத்தின்படி கட்டினது?"

"என் வீட்டுக்காரி கட்டினது சார்."

"அவங்க எந்தப் பிரிவு?"

"பைண்டிங் சார்."

எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். டாக்டரம்மா எழுந்து, கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டு எலும்புகளில் இதுதான் அதிகமாக உடையும் என்றார். எல்லாப் புத்தகத்திலும் அது இருக்கிறது, நம் படிவத்தில் மட்டும் இல்லை என்றார். தலைவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்போல் பொறுமையாகச் சிரித்தார்.

"உக்காரும்மா. நீ புதுசு. இந்தப் பிரிவுக்கு நான் பொறுப்புக்கு வந்து பத்தொம்பது வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல அந்த எலும்பு இங்க ஒரு தடவகூட உடைஞ்சதில்ல. வெளிய போய்ப் பாரு. மணிக்கட்டுல எலும்பு ஒடிஞ்சு வர்றவங்க பத்துப் பேர்ல ஆறேழு பேருக்கு அதுதான். எனக்குத் தெரியாதா? இங்க பூஜ்யம்! எப்படி? அதிர்ஷ்டமா? நிர்வாகம்மா, நிர்வாகம்! அந்தக் கேடயம் எதுக்குக் குடுத்தாங்கன்னு நினைக்கற? இதப் பத்தி நான் நாலு மாநாட்டுல பேசியிருக்கேன். ஒரு மாநாட்டுல எழுந்து நின்னு கை தட்டினாங்க. இப்ப நீ வந்து அதுக்கு ஒரு கட்டம் போடுங்கற. இன்னைக்குக் கட்டம் போட்டா நாளைக்கே உடையும். நாமளே இடம் குடுத்த மாதிரி ஆயிடும்."

ஆறு தலைகள் ஆடின.

"சார், நம்ம எலும்புக்கூட்டுலயே எண்ணிப் பாக்கலாமே" என்று டாக்டரம்மா மூலைக்குப் போனார். எலும்புக்கூட்டின் வலது மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். திரும்ப எண்ணினார். "ஏழுதான் இருக்கு."

எழுத்தர் தொண்டையைச் செருமினார். "வாங்கும்போது எட்டு இருந்துச்சும்மா. வருஷாந்திரத் தணிக்கையில படிவத்தோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. கைக்கு ஒண்ணு அதிகமா இருந்துச்சு. கழட்டி உறையில போட்டு, 'கூடுதல் இருப்பு'ன்னு எழுதி பீரோவுல வச்சிருக்கோம். சாவி எங்கிட்டதான் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார் தலைவர். "நான் திறந்த மனசுக்காரன். அந்த எலும்பு உடைஞ்சிருக்குன்னு ஆதாரம் குடுங்க, சேத்துடறேன்."

"எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும் சார்."

"எடுக்கறதுக்கு என்ன வேணும்?"

"படிவத்துல டிக் வேணும் சார்."

"டிக் போட?"

"கட்டம் வேணும்."

"கட்டம் போட?"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "ஆதாரம் வேணும் சார்."

"பாத்தீங்களா! எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கா? நடைமுறைன்னா இப்படி இருக்கணும்." தலைவர் மகிழ்ந்துபோய் மேஜையைத் தட்டினார். தட்டியவர் ஏனோ முகத்தைச் சுளித்துக் கையை மடியில் வைத்துக்கொண்டார். "தவிரவும், இடம் எங்க இருக்கு? எழுத்தரே, அந்த மூலப் பிரதிய எடுங்க."

எழுத்தர் கோப்பிலிருந்து ஒரு பழைய தாளை உருவி மேஜையில் விரித்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், முதல் தடவை அடிப்பதற்கு முன் தலைவரின் ஒப்புதலுக்காக அனுப்பிய புரூஃப். 'சரிபார்த்தேன்' என்று அவருடைய கையெழுத்து. அவருடைய பட்டங்களில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைச் சிவப்பு மையில் சுழித்திருந்தார். வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"தலைவர் பேருக்கு மூணு வரி. கையெழுத்துக்கு இடம். அது போக மிச்சம் ஏழு வரிதான் வருது. அன்னைக்கே அச்சகத்துலேருந்து இதே சிக்கலுக்காகத்தான் போன் பண்ணாங்க" என்றார் எழுத்தர்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. போன் பண்ணியது நான்.

குழு என்ன முடிவு செய்தது என்பதை நான் சரியாகக் கேட்கவில்லை. மணிக்கட்டுக்கு ஏழே அதிகமா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டதாக டாக்டரம்மா பிறகு சொன்னார். நான் நேராக அச்சகத்துக்கு வந்து, பரணிலிருந்து பழைய வேலை உறைகளை இடது கையால் இழுத்துப் போட்டேன். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் பிரதியை நான் தூக்கிப் போடுவதில்லை. பத்தொன்பது வருஷத்துத் தூசிக்கு அடியில் அது இருந்தது. யாரோ ஒரு டாக்டர் பேனாவால் எழுதிய பட்டியல். வரிகள் எட்டு.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. எட்டு வரியும் தலைவரின் மூன்று வரியும் ஒரே பக்கத்தில் அடங்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "தலைவர் பேர்ல மட்டும் கைய வச்சுடாதீங்க. எழுத்த சின்னதும் ஆக்காதீங்க. வேற ஏதாவது ஒரு வரிய எடுத்துடுங்க" என்று இதே எழுத்தர்தான் சொன்னார். எதை எடுப்பது என்று பட்டியலைப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் டாக்டரின் கையெழுத்து புரியவில்லை. புரியாததை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, 'பழையபடியே அடிச்சு அனுப்புங்க' என்று போன் வரும். பழையபடியே அடித்து அனுப்பினேன்.

மனைவி மேஜையில் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். இடது கையால்.

"என்னங்க, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

பட்டியலை அவள் முன்னால் வைத்தேன். சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும் அவள் தன் வலது கையைத் தூக்கி, கட்டைவிரலின் அடியில் விழுந்த குழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானே அதை ஒரு விரலால் அழுத்தினாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

"ஆறு வருஷம்" என்றாள். "ரப்பர் பந்த எத்தனை அமுக்கு அமுக்கியிருப்பேன்!"

"தெரியாம பண்ணிட்டேன்."

"அந்த வரிய தெரியாம எடுத்தீங்க, சரி. என்னைச் சோம்பேறின்னு சொன்னது? வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சீங்களே, அதுவும் தெரியாமலா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சாதாரண வெட்கம் இல்லை, அந்த மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்த வெட்கம். அவள் தாள் மடிக்கும் எலும்புக் கத்தியால் பட்டியலைத் தட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்கு அடுத்த படிவக் கட்டு எப்ப அனுப்பணும்?"

"திங்கட்கிழமை. ஆயிரம் படிவம். பழையபடியே."

"புரூஃப் கேட்டாங்களா?"

"எப்பவும் கேக்கறதில்ல."

"அப்ப என்ன நின்னுட்டிருக்கீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். ஐந்தாவது வரியை அதன் இடத்தில் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்து வைத்தேன். பக்கம் நிரம்பி வழிந்தது. ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலைவரின் மூன்று வரியையும், கையெழுத்து மைதானத்தையும் எடுத்தேன். பக்கம் கச்சிதமாக அடங்கியது. எங்கள் இருவருக்கும் சேர்த்து அன்றைக்கு வேலை செய்தவை இரண்டு இடது கைகள்தான். ஒருவர் தாளைப் பிடிக்க, ஒருவர் தள்ள, ஆயிரம் படிவம் அடித்து முடிக்க இருட்டிவிட்டது. அவள் இடையில் ஒரு தடவை சிரித்தாள். மன்னித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை படிவங்கள் போய்ச் சேர்ந்தன. செவ்வாய்க்கிழமை காலை நானும் அவளும் வரிசையில் நின்றோம். நான் விழுந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. டாக்டரம்மா புதுப் படிவங்களில் ஒன்றை எடுத்தார். ஐந்தாவது வரியில் அவர் பேனா நின்றது. என்னைப் பார்த்தார். படிவத்தின் அடியில் இருந்த அச்சகத்தின் பெயரைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு படிவத்தில் டிக் போட்டார்.

எக்ஸ்ரேக்காரர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "ஓ, இருக்கே!" என்றார். அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக இல்லாத ஓர் எலும்பு அந்த ஒரு சொல்லில் உண்டாகிவிட்டது. ஈயத் தகட்டை எடுத்து ஓரமாக வைத்தார். படத்தில் படகின் நடுவே மெல்லிய கோடு ஓடியது. மனைவியின் படத்தில் படகு இரண்டாகவே இருந்தது. மாவுக்கட்டுக்காரர் கையைத் தேய்த்துக்கொண்டு என் கட்டைவிரலுக்கு வந்தார்.

"யார் கையெழுத்துண்ணே வேணும் இதுக்கு?" என்று படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடமே இல்லையே. அப்ப வேணாம் போல" என்று தண்ணீரில் மாவைக் குழைத்தார்.

மனைவிக்கு மாவுக்கட்டு மட்டும் போதாது, ஆபரேஷன் செய்து சின்னதாக ஒரு ஸ்க்ரூ வைக்க வேண்டும் என்று அடுத்த மாதத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். முழுசாகச் சரியாகும் என்று டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. பாதிக்கு மேல் சரியாகலாம் என்றார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி பிழிவது எல்லாம் என்னுடைய இடது கையின் பொறுப்பு. கிண்டலடிக்கும் பொறுப்பு அவளுக்கு மாறிவிட்டது.

அந்த வாரத்தில் மட்டும் பதினொரு பேருக்கு அந்த எலும்பு உடைந்திருப்பது தெரிய வந்ததாம். சிலருக்கு அன்று உடைந்தது, சிலருக்கு எப்போதோ உடைந்தது. தலைவரின் அறைக்கு மட்டும் ஒரு படிவமும் போகவில்லை. முன்பெல்லாம் கையெழுத்துக்காக இரண்டு நாள் காத்திருந்த வரிசை, இப்போது மதியத்துக்குள் கலைந்துவிடுகிறது. மூன்று நாள் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தலைவர், நான்காவது நாள் வெளியே வந்து, படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தாராம். அடியிலிருந்துதான் பார்க்க ஆரம்பித்தாராம்.

மறுநாள் காலை எங்கள் கடை வாசலில் கார் வந்து நின்றது. தலைவர் இறங்கினார். தைல வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

"நான் எங்க?" என்றார்.

"வாங்க சார், உக்காருங்க."

"படிவத்துல நான் எங்கய்யா?"

"இடம் பத்தல சார். ஒரு வரிய எடுக்க வேண்டியதாப் போச்சு. அன்னைக்கு உங்க ஆபீஸ்ல சொன்ன மாதிரிதான் செஞ்சேன். இந்தத் தடவ வேற வரி."

"உடனே என் பேரைத் திரும்பப் போடணும். மூணு வரியும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போட்டுடலாம் சார். ஒரு எலும்ப எடுக்கணும். எதை எடுக்கட்டும்?" பட்டியலை அவர் முன்னால் வைத்தேன்.

மனைவி பைண்டிங் மேஜையிலிருந்து, "சார் பேர சின்ன எழுத்துல போட்டா ரெண்டும் இருக்கலாமே" என்றாள். மருந்து லேபிளுக்கு வைத்திருக்கும் பொடி எழுத்தில் ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினாள்.

தலைவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "இது கண்ணுக்கே தெரியாதேம்மா! தெரியாத பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"எங்க எலும்பும் பத்தொம்பது வருஷம் யார் கண்ணுக்கும் தெரியல சார். வலிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். அவள் தாள் மடிப்பதைப் பார்த்தார். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கையும் மடியில்தான் இருந்தது. அவர் அவசரமாகப் பட்டியலுக்குத் திரும்பி, எடுக்க வேண்டிய எலும்பைத் தேடி மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் படிவத்தை அவர் முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஐந்தாவது வரிக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. இடது கை மெல்லப் போய் வலது கட்டைவிரலின் அடியைத் தடவியது.

"எத்தனை வருஷமா சார்?" என்றேன்.

"மூணு" என்றார். "பாத்ரூம்ல வழுக்கி... நம்ம பிரிவுலதான் காட்டினேன். சுளுக்குன்னு எழுதிட்டாங்க. நானே கையெழுத்துப் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மனைவி எழுந்து வந்து, அவர் கையைத் தொட்டுப் பார்க்காமலே, "தைலம் போடாதீங்க சார். பந்தையும் அமுக்காதீங்க" என்றாள். அவர் சின்னப் பிள்ளைபோல் தலையாட்டினார். பிறகு, கடையில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை என்று தெரிந்தும், வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு படிவம் கிடைக்குமா?"

பழைய படிவங்களில் மிச்சமிருந்த ஒன்றையும் புதுசில் ஒன்றையும் எடுத்து அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"எது வேணும் சார்? உங்க பேர் இருக்கறதா, எலும்பு இருக்கறதா?"

அவர் பழையதின் அடியிலிருந்த மூன்று தடித்த வரிகளை நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "எதுல மாவுக்கட்டு சீக்கிரம் போடுவாங்க?" என்று கேட்டார்.